கஞ்சி வரிசை

இமெல்டா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருந்த தகரக் கதவை மேலே தூக்கினாள்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு சிரட்டை கையில்.

மற்றச் சனிக்கிழமைகளில் இந்தத் தமிழ்ப் பள்ளி அவிழ்த்துவிட்ட நெல்லிக்காய் மூட்டைதான். இன்றைக்கு ஒரு சத்தமில்லை.

மே மாதம். புலம்பெயர்ந்து வந்த நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். போரின் கடைசி நாட்களில் செத்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவு நாள். பாடமாக்கி ஒப்புவித்தது போதும், இந்த முறை பிள்ளைகளே சேர்ந்து செய்து படிக்கட்டும் என்று திட்டம் போட்டது இமெல்டா ரீச்சர்தான்.

ஒரு குழு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் கடல்நீரேரி வெட்டி நீலத் தாள் ஒட்டியது. இன்னொரு குழு அம்மாமாரின் பழைய சேலைகளைத் தைத்து மண்மூட்டை அடுக்கியது. மண்ணுக்குப் பதிலாக உள்ளே கடை விளம்பரத் தாள்கள். மூன்றாவது, கஞ்சிக் குழு. சிரட்டையில்தான் குடிக்க வேண்டும் என்று அதன் தலைவி ஜெயனி அடம்பிடிக்கப்போய், அந்தக் கிழமை முழுக்கப் பாதி வீடுகளில் காலையும் மாலையும் தேங்காய்ச் சம்பல்.

அதிபர் தியாகலிங்கத்துக்கு அரை மனம். "பிள்ளையளைப் பயப்படுத்திப் போடாதேங்கோ ரீச்சர்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

இமெல்டாவின் பயம் வேறு. மகள் றொஷினியும் இதே வகுப்பில்தான் இருந்தாள். இங்கே பிறந்தவள். வீட்டில் அவள் ஒருத்திதான். அவள் வைத்ததுதான் சட்டம். அம்மா போரின் கடைசி வரை அங்கே இருந்துவிட்டு வந்தவள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. பிள்ளை வளரட்டும், பேந்து சொல்லுவம் என்று இமெல்டாவும் அவளுடைய புருசனும் எப்போதோ முடிவெடுத்துவிட்டார்கள். அந்தப் பேந்து வரவேயில்லை.

அதனால் வகுப்பில் எல்லாவற்றையும் யாருக்கோ நடந்த கதையாகவே சொல்லிக் கொடுத்தாள். சனங்கள் நடந்தார்கள். சனங்கள் பதுங்குகுழி வெட்டினார்கள். சனங்கள் கஞ்சி குடித்தார்கள். எல்லாம் பாடப்புத்தகக் குரலில். இன்றைக்கு ஒரு நாள், மகளுக்கு முன்னால், அந்தக் குரல் உடையாமல் இருந்தால் போதும். விடிய எழும்பி மடு மாதாவிடம் அவள் கேட்டது அதைத்தான்.

மாதாவும் கேட்டுவிட்டாள் என்றே தோன்றியது. அரிசி, தண்ணீர், உப்பு. எல்லாம் அளவாய்ப் போட்டுக் காய்ச்சி முடித்தாள். வகுப்புப் பையன் விதுர்சன் எட்டிப் பார்த்து, இனிப்புக்கு மேப்பிள் பாணி கொஞ்சம் விட்டால் என்ன என்று கேட்டபோது அவளுக்குச் சிரிக்கவும் முடிந்தது.

ஆனால் வரிசையைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அது, கஞ்சிக் குழுவினர் ரீச்சருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த வேலை. இணையத்தில் கஞ்சிக்கு நின்ற சனங்களின் பழைய வீடியோக்களைப் பார்த்து, பார்த்தபடியே பழகியிருந்தார்கள். கன்னங்களில் அழுக்காய்த் தெரியக் கண்மையைத் தேய்த்திருந்தார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் முட்ட, படிக்கட்டு வரை நின்றார்கள். ரீச்சரின் மகளுக்குத்தான் முதல் கஞ்சி என்றும் அவர்களே தீர்த்திருந்தார்கள்.

முன்னால் றொஷினி. சிரட்டையை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு.

"வடிவா நிக்கிறமோ ரீச்சர்?" என்றாள் ஜெயனி.

இமெல்டா அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். மேலே வெள்ளை அடித்த கூரையும் தண்ணீர்க் குழாய்களும்தான் இருந்தன. ஆனாலும் அந்தப் பழைய பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

"கலையுங்கோ!"

அது பாடப்புத்தகக் குரல் அல்ல.

அகப்பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள். கையில் அகப்பட்ட பிள்ளையை எல்லாம் பிடித்து இழுத்தாள். ஒருத்தியை மேசைக்குக் கீழே தள்ளினாள். இரண்டு பேரைச் சேலை மூட்டைகளுக்குப் பின்னால் அமுக்கினாள். "ஒட்டி நிக்காதேங்கோ! படுங்கோ, நிலத்தில படுங்கோ!"

சிரட்டைகள் உருண்டன. சின்னவன் ஒருவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அழத் தொடங்கினான். ஓடிவந்த தியாகலிங்கம் படியிலேயே நின்றுவிட்டார்.

மேசைக்குக் கீழே இருந்து விதுர்சன் கேட்டான். "ஏன் ரீச்சர்? நாங்கள் ஒழுங்காத்தானே நிண்டனாங்கள்?"

"ஒழுங்கா நிண்ட வரிசையிலதான்ரா செல் விழுந்து வெடிச்சது!"

பிள்ளைகள் மூட்டைகளுக்குப் பின்னால் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

றொஷினி மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கையில் இன்னும் சிரட்டை. அம்மாவை இப்படி அவள் ஒருநாளும் கண்டதில்லை.

இமெல்டா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கென்ன அவசரம்? ஏன் முன்னுக்கு நிண்டனி? உன்ர அண்ணாவும் இப்பிடித்தான், முதல் ஆளாப் போய் நிண்டவன்!"

சொன்னது தன் காதிலேயே விழுந்த பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம்.

றொஷினி சிரட்டையை மெல்லக் குனிந்து தரையில் வைத்தாள்.

"எந்த அண்ணா, அம்மா?"