சிவக்காத தீவு

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

மொட்டை மாடியில் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும். அவள் ஸ்பீக்கர் போடுவதே அதற்குத்தான்.

அந்த அடுக்குமாடியில் பெண்களுக்குச் சொந்தப் பெயர் வழக்கொழிந்து பல காலம் ஆயிற்று. பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறானோ, அதுதான் தாயின் பெயர். லண்டனுக்கு மூட்டு வலி. அமெரிக்கா வீட்டில் இன்று வத்தக்குழம்பு. சிங்கப்பூர் இன்னும் மாடிக்கு வந்து சேரவில்லை, லிஃப்ட் மக்கர் செய்கிறது.

அவளுக்குப் பெயர் வைப்பதுதான் சிரமமாக இருந்தது. மகன் முகுந்தன் மீன் கம்பெனி வேலைக்குப் போயிருந்த தீவு, பசிபிக் கடலில் எங்கேயோ கிடந்தது. அதன் பெயரைப் பிசகாமல் சொல்ல அவளுக்கே ஒரு வருடம் பிடித்தது. போனால் போகிறதென்று, வெறுமனே ‘தீவு’ என்று வைத்துவிட்டார்கள்.

“மேப்ல இருக்கா அது?” என்று லண்டன் ஒருநாள் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு ஆறவேயில்லை.

அப்புறம்தான் கொரோனா வந்தது.

சந்தையில் கிளம்பியது என்றார்கள். வௌவால் என்றார்கள். ஆராய்ச்சிக்கூடம் என்றார்கள். மொட்டை மாடிக்கு அது வந்த வரிசை மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். முதலில் சிங்கப்பூரின் முகம் வாடியது. பிறகு லண்டன் தூக்கத்தைத் தொலைத்தாள். அமெரிக்கா நின்ற இடத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டிவியில் உலகப்படம் அம்மை போட்ட மாதிரி சிவந்துகொண்டே போனது.

தீவு மட்டும் சிவக்கவில்லை.

விமானம் கிடையாது. ஆள் வரத்து கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தினமும் சாயங்காலம் மாடிக்கு வருவாள். எல்லோர் முன்னாலும் மகனுக்குப் போன் போடுவாள். ஒரே ஒரு கேள்வி.

“எத்தனைடா?”

“சைபர்ம்மா.”

அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அவன் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்திருப்பான். அதற்குள் இவள் திரும்பி மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சைபருக்கு இவ்வளவு பெருமைப்பட்ட தாய் அந்தக் குடியிருப்பிலேயே இவள் ஒருத்திதான்.

இன்றும் அப்படித்தான் கேட்டாள்.

“எத்தனைடா?”

கேட்ட கையோடு மற்றவர்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

“ஒருத்தருக்கு வந்துருச்சும்மா.”

“யாருக்குடா?”

“எனக்குத்தான்.”

லண்டன் சட்டென்று மாஸ்க்கை மூக்குக்கு ஏற்றினாள், என்னவோ போன் வழியாக வந்துவிடும் போல.

அவள் போனை மடிக்கு இழுத்தாள். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும். விரல் தேடியது, பொத்தான் அகப்படவில்லை.

அவன் சொல்லிக்கொண்டே போனான். காய்ச்சல் கொஞ்சம்தானாம். ஆஸ்பத்திரியில் தனி அறையாம். ரேடியோவில் இவன் பெயரைச் சொன்னார்களாம். மந்திரியே போன் பண்ணி, யார் யாரைப் பார்த்தாய் என்று விசாரித்தாராம்.

அந்த நிலைமையிலும், மந்திரி என்றதும் அவள் அமெரிக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“எப்படிடா வந்துச்சு? ஊரே கதவச் சாத்திட்டுல்ல கிடக்கு?”

“அரிசிக் கப்பல் வந்துச்சும்மா. சரக்க இறக்கிட்டு ஆளுங்க இறங்காமலே போயிடணும். நானும் தள்ளித்தான் நின்னேன். கப்பல் மேல ஒருத்தரு யாரையோ தமிழ்ல கிழி கிழின்னு கிழிச்சுட்டு இருந்தாரு. தூத்துக்குடிக்காரரு.”

“அதுக்கு?”

“நேர்ல தமிழ் கேட்டு ரெண்டு வருஷமாச்சும்மா. ஏறிப் போய்க் கட்டிப் பிடிச்சுட்டேன்.”

மாடியில் யாரும் அசையவில்லை.

தினமும் போன் போட்டிருக்கிறாள். தினமும் அந்த ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டிருக்கிறாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றாமல் கண் நிறைந்தது.

முதலில் நகர்ந்தது அமெரிக்காதான். ஆறடி இடைவெளியை மூன்றே எட்டில் கடந்து வந்து போனுக்குள் கத்தினாள்.

“தம்பி, நான் அமெரிக்கா ஆன்ட்டி. வாசனை தெரியுதாப்பா? என் மகனுக்குப் பெருங்காயமே தெரியாமப் போச்சு. இப்பக் குத்துக்கல்லாட்டம் இருக்கான்.”

“குப்புறப் படுத்துக்க தம்பி,” என்றாள் லண்டன். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது. “மூச்சு லேசா வரும்.”

“வெந்நீர் குடிக்கச் சொல்லு!” மாடிப்படியிலிருந்தே சிங்கப்பூர் குரல் கொடுத்தாள், யாருக்கு என்னவென்று தெரியாமலே.

அவரவர் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமானதெல்லாம் வெளியே வந்தது. ரசத்தில் நாலு மிளகை அதிகமாகத் தட்டிப் போடு என்றாள் லண்டன். அந்தத் தீவில் மிளகுக்கு எங்கே போவான் என்று மடக்கினாள் அமெரிக்கா. அந்த மிளகுக்காக இரண்டு பேரும் அங்கேயே சண்டை பிடித்தார்கள். சிங்கப்பூரும் வந்து சேர, நாலு தலையும் ஒரு போன்மேல் கவிந்திருந்தன.

எதிர்முனையில் சத்தமே இல்லை.

அவள் போனை வாயருகே இழுத்தாள்.

“டேய் முகுந்தா! லைன்ல இருக்கியாடா?”

“இருக்கேன்மா.”

தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நீங்க பேசுங்க.”

“என்னத்தடா பேச?”

“எதையாவது பேசும்மா. வச்சிடாத.”

அவள் சூடு ஆறாத தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். காலையில் பால்காரன் வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.