நடைக்கோலின் தளர்ந்த திருகு

சார்ஜன்ட் மேஜர் சவரிமுத்துவின் இடுப்பில் ஒரு வாள் தொங்கியது. அக்குளில் ஒரு நடைக்கோல் இருந்தது. சிப்பாய் எவ்வளவு அகலமாக எட்டு வைக்க வேண்டும் என்று கவராயம்போலத் தன் இரண்டு காலையும் விரித்து அளந்து காட்டுவதுதான் அந்தக் கோலின் வேலை.

ஒருநாள் அதைப் பார்த்த வாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, உங்க திருகு தளர்ந்து போச்சு. ரெண்டு காலும் நெருங்கி நிக்குது!"

"இந்தப் பட்டாளமே நான் அளந்துதான் நடக்குது. என்னை அளக்க நீ யாருடா?" என்று சீறியது நடைக்கோல்.

அந்த அளவிலேயே ஒத்திகை முடிந்து விழா நாளும் வந்தது. சிப்பாய்கள் குட்டைக் குட்டையாக எட்டு வைத்துப் பிசகாமல் நடந்தார்கள். எண்ணி வைத்த எட்டுகள் முடிந்து பேண்டு வாத்தியம் ஓய்ந்ததும் நின்று, திரும்பி, விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். எதிரே இருந்தது தண்ணீர் டிரம். ஜெனரலோ தூரத்து மேடையில் தன்னந்தனியாக நின்றார்.

'இனிமேலாவது தெரிஞ்சிரும்' என்று நினைத்தது வாள்.

சவரிமுத்து ஓடிவந்து அதே நடைக்கோலால் மைதானத்தை அளந்தார். "நடையெல்லாம் சரியாத்தான் இருக்கு. எவனோ மேடையைத் தப்பாப் போட்டிருக்கான். தூக்குங்கடா!"

ஜெனரலை இறக்கிவிட்டு, மேடையைத் தூக்கிவந்து டிரம் இருந்த இடத்தில் போட்டார்கள். அவரும் ஏறி நின்று, "இப்பதான் சரி" என்றார்.



"என்ன தம்பி, அன்னைக்கு ஏதோ சொன்னியே?" என்றது நடைக்கோல்.

அதற்குள் சவரிமுத்து ஜெனரலுக்கு மரியாதை செலுத்த வாளை உருவினார். அத்தனை பேருக்கும் முன்னால், அந்த மேடைக்கு முதலில் தலை தாழ்த்தியது வாள்தான்.