பாத்திரமும் பரலோகமும்

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் கணவர் சோபாவில் சாய்ந்துவிட்டார். தொட்டியில் பாத்திரம் மலைபோல் கிடந்தது.

"இன்னைக்கு உங்க முறைதானே?" என்றாள் மனைவி.

"காலையில பிரசங்கத்துல என்ன வந்துச்சு? கிரியையால இல்ல, கிருபையாலதான் இரட்சிப்பு. நம்ம லுத்தரன் சபைக்கே அதுதானே அஸ்திவாரம்? பாத்திரம் கழுவியா நான் பரலோகம் போகப்போறேன்?"

"அதுக்கப்புறம் என்ன வந்துச்சு?"

"அப்புறம்... ஆமென்!"

"விசுவாசம் இருக்கிறவன் கை சும்மா இருக்காதுன்னு வந்துச்சு. அப்போ நீங்க தூக்கம்."

"தூக்கமா? கண்ணை மூடித் தியானம் பண்ணினேன்."

"வாயைத் திறந்துகிட்டா? சரி, அடுத்த வாரம் மேடையில உங்களையே உதாரணமா சொல்லிடறேன்" என்றபடி, தன் போதகர் அங்கியை அலமாரியில் மாட்டினாள் மனைவி.

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.