வேட்டையனும் நிழலியும்

சேந்தனின் வேட்டையனும் அவன் மகள் நறுமுகையின் நிழலியும் ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு கணினி ஆட்டங்களில் வரும் பாத்திரங்கள். இருவரையும் ஒரே கதையில் சேர்த்து ஆடலாம் என்று அறிவிப்பு வந்ததும், மகளோடு உட்கார ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அவன் மகிழ்ந்தான்.

விரலுயர ஒளியுருவங்களாக இருவரும் மேசைமேல் எழுந்து நின்றார்கள். தம்மை வைத்து ஆடுபவரை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்தே பேசவும் நடக்கவும் பழகியவர்கள் அவர்கள்.

“அப்பா, உங்க ஆளுக்கும் தொப்பை!” என்று சிரித்தாள் நறுமுகை.

“உன் ஆளு மட்டும் என்னவாம்? நகத்தைக் கடிச்சிட்டு நிக்கிறா.”

ஆட்டத்தில் வந்த கோட்டைக் கதவு திறக்கத் தாமதமானது. “எத்தனை தடவை கூப்பிடுறது?” என்று வேட்டையன் கத்தினான். சேந்தனின் குரலேதான்.

போன வாரம் ராட்சதனையே சிரித்துக்கொண்டு வெட்டிய நிழலி, வாளைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் குந்தினாள். இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

சேந்தன் நிழலியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலப்பா” என்றாள் நறுமுகை மெதுவாக.

அவளைத் தேற்றத்தான் அவன் வாயைத் திறந்தான். மேசைமேல் இருந்தவளும் எதிரே இருந்தவளும் ஒருசேரத் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.