காத்தாடிப் பாட்டு

செல்லதுரை ஐந்து மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஸ்டவ்வில் ஓர் ஆழாக்கு அரிசி வைத்தான். ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது, மனைவி செத்த இந்த ஏழு மாதத்தில் பிடிபட்டிருந்தது. சோற்றில் மோர் ஊற்றித் தூக்குவாளியை மூடினான். உயரம் ஏறுகிறவர்கள் மாட்டும் ஆறு பெல்ட்டுகளைப் பையில் திணித்தான். ஓடம் ஏறினான்.

கொள்ளிடத்தின் நடுவே இருக்கிறது புன்னைத்திட்டு. அக்கரைப் பண்ணையில் கூலிக்கு நின்ற முப்பத்திரண்டு குடும்பங்கள் சர்க்கார் கொடுத்த பட்டாவோடு வந்து குடியேறிய இடம். மூன்று வருஷம் தரிசாகக் கிடந்தால் பட்டா ரத்து. இது மூன்றாவது வருஷம். ஆற்றைத் தாண்டிக் கரண்டு வராது.

அதனால் காத்தாடி வந்தது. நாற்பதடி இரும்புக் கோபுரம், உச்சியில் பெரிய சக்கரம். கடற்காற்று அடித்தால் தண்ணீர் இறைக்கும்.

ஆனால் அதை ஏறிப் பராமரிக்க உள்ளூர் ஆள் ஒருவராவது பரீட்சையில் தேற வேண்டும். இல்லாவிட்டால் கழற்றி, மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் அக்கரைப் பண்ணைக்கே கொடுத்துவிடுவார்கள்.

பரீட்சை இன்றைக்கு.

பயிற்சி கொடுக்க அரசாங்கம் அனுப்பிய செல்லதுரை மூன்று வாரம் பழக்கியது ஆறு பேரை. ஐந்து ஆண்கள், ஆறாவது, நடவு நடும் அம்சம். ஆறு பேர் இல்லாமல் வகுப்பு நடக்காது என்பதால் எண்ணிக்கைக்குச் சேர்த்திருந்தார்கள். காத்தாடியைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க வேலை ஒன்றே ஒன்றுதான். அது தேறியவர்களில் மூத்த ஆணுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"நான் மட்டும் பாஸானா?" என்று அம்சம் கேட்டிருக்கிறாள்.

"அன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் குடு" என்றாராம் ஐந்து ஆண்களில் மூத்தவரான வீரையன். கூட்டம் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று.

எதற்குப் பிறகு எதைச் செய்வது என்ற வரிசைதான் ஆண்களுக்கு மனத்தில் நிற்கவில்லை. அம்சம் அதை நடவுப் பாட்டாகக் கட்டிக் கொடுத்தாள். பத்து நாளாகத் திட்டில் அந்தப் பாட்டுதான். சாயங்காலம் ஓடத்தில் திரும்பும்போது மெட்டு மட்டும் செல்லதுரையின் காதில் விழும்.

சீர்காழியிலிருந்து வந்த அதிகாரி கறாரானவர். ஒருவர் ஏறும்போது மற்றவர்கள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி உட்கார வேண்டும் என்றார். தோற்றவர் வாயைத் திறக்காமல் ஓடத்தில் போய் உட்கார வேண்டும் என்றார். செல்லதுரையும் எதையும் எடுத்துச் சொல்லக் கூடாது என்றார்.

முதலில் வீரையன் வந்தார், தோளில் கட்சிக்கரைத் துண்டோடு. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு உரக்கப் பாடினார்.

"பெல்ட்டு மாட்டி மேலே ஏறு, தன்னானே
கிரீசு தடவிக் கீழே பாரு, தன்னானே
பிரேக்கு போட்டா அப்புறம் சோறு, தன்னானே."

பாட்டின் சொற்களைச் செல்லதுரை இப்போதுதான் கேட்டான்.

பிரேக்குதான் முதல். கோபுரத்தடியில் இருக்கும் கம்பியை இழுத்துச் சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும். பயிற்சியின்போது தினமும் அவனே அதை இழுத்துவிட்டு நிற்பான். அது தப்பாகப் போயிற்று. விடிந்ததிலிருந்து வயலில் குனிந்து கிடப்பவர்களுக்கு, நிறுத்துவது என்றால் வேலை முடிந்த பிறகு வருவது. பாட்டில் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள், பனையேறுவதுபோல் வீரையன் உச்சிக்குப் போய்விட்டார். சுழன்ற சக்கரம் துண்டைக் கவ்வியது. வீரையன் ஏணியைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தை அழைத்தார். நாலு சுற்றுச் சுற்றிவிட்டுச் சக்கரம் துண்டை வீசியது. அது ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் தலைக்கு மேலே பறந்து, தண்ணீரில் விழுந்து, கடலைப் பார்க்கப் புறப்பட்டது.

"யாரு துண்டுப்பா அது, நமக்கு முன்னால பாஸாகிப் போவுது?" என்றார் அடுத்து ஏற வேண்டிய சாமிதுரை, திரும்பிப் பார்க்காமல்.

திட்டே சிரித்தது. செல்லதுரையும் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

வீரையன் இறங்கி, வாயைத் திறக்காமல் ஓடத்தில் போய் உட்கார்ந்தார். அடுத்த நால்வரும் அதையே பாடிக்கொண்டுதான் வந்தார்கள். நால்வரையும் இரண்டாம் படியிலேயே இறக்கினார் அதிகாரி. ஓடம் நிறைந்தது. கரையில் நின்ற பெண்களின் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

மிச்சம் அம்சம்.

புடவையை நடவுக்குச் செருகுவதுபோல் தூக்கிச் செருகினாள். அதே பாட்டைப் பாடினாள். ஒரு சொல் மாறவில்லை.

செல்லதுரை கண்ணை மூடிக்கொண்டான். பண்ணையின் ஆட்கள் காத்தாடியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போவது தெரிந்தது.

கிரீச்சென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தான். சக்கரம் நின்றிருந்தது.

பாடிக்கொண்டே கம்பியை இழுத்துக் கொக்கியில் மாட்டியிருந்தாள். பிறகு பெல்ட். பிறகு ஏணி. உச்சியில் கிரீஸ் தடவினாள். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். காற்று அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டது.

இறங்கி வந்து கம்பியை விடுவித்தாள். சக்கரம் கிறுகிறுவென்று சுழன்றது. குழாய் இரண்டு முறை இருமியது, துருவைத் துப்பியது, பிறகு தண்ணீர், தொடை கனத்துக்கு.

ஓடம் காலியாயிற்று. தோற்றவர்கள் அனைவரும் ஆற்றில் குதித்து வந்து வாய்க்காலில் புரண்டார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். முதல் நடவன்று வரப்பில் எதிர்ப்படுகிறவருக்குச் சேறு பூசுவது அவர்கள் வழக்கம். இன்றைக்கு எதிர்ப்பட்டவர் அதிகாரி. கண்ணாடியிலும் சேற்றோடு அவர் எழுதினார்: தேறியவர் ஒருவர்.

பயிற்சி அளித்த அரசுக்கு அம்சம் நன்றி சொன்னதாக மறுநாள் பேப்பரில் வந்தது.

அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த ஆரவாரத்துக்கு நடுவே பெல்ட்டைக் கழற்றிச் செல்லதுரையிடம் நீட்டினாள். அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"பாட்டுல வரிசைய சரியா வச்சிருந்தா அஞ்சு பேரும்ல சார் பாஸாயிருப்பாங்க."