ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலி

“ஒரே ஆளு ரெண்டு நாற்காலியப் பிடிச்சி வச்சிருக்கானா?”

ஜெயபாலன் மேசையில் தட்டிய தட்டில் ஷாமினியின் லேப்டாப் துள்ளி விழுந்தது.

ஈப்போவில் அந்த இலவச டயாலிசிஸ் நிலையத்துக்கு அவர்தான் தலைவர். ரப்பர் தோட்டத்தில் பால் வாளி தூக்கி, பிறகு பழைய இரும்பு வாங்கி விற்று ஆளானவர். அங்கே இருக்கும் மிஷின் ஒவ்வொன்றும், விற்க வந்தவன் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசி அவர் வாங்கிப் போட்டது.

“அங்கிள், கத்தாதீங்க லா. சொல்றதக் கேளுங்க,” என்றாள் ஷாமினி. நிலையத்தின் இணையத்தளத்தைச் செய்து கொடுக்கிற பெண். “பாஸ்வேர்ட் மறந்து போவுதுன்னு எல்லாரும் அழுதாங்க. அதான் கூகுள் வழியாவும் உள்ள வரலாம், ஃபேஸ்புக் வழியாவும் வரலாம்னு ரெண்டு பட்டன் வச்சேன். இந்த அர்ச்சுனன் அங்கிள் ரெண்டு வழியாவும் வந்திருக்காரு. சிஸ்டம் ரெண்டு ஆளுன்னு நெனச்சி, காலையில ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம் கொடுத்திருச்சி. இன்னிக்கு அடையாள அட்டை ஐசி நம்பரை வச்சிப் பார்க்கவும்தான் ஒரே ஆளுன்னு தெரியுது.”

“எப்ப தோணுதோ அப்ப வரலாம்னு ரெண்டையும் பிடிச்சிக்கிட்டான்! பஸ்ல துண்டு போடுற மாதிரி!”

“ரெண்டையும் ஒன்னாச் சேர்த்துட்டா ஒரு இடந்தான் நிக்கும். எதுக்கும் அவர ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“கேக்க என்ன இருக்கு? பாகான் செராயில தேவன்னு ஒரு பையன், இடம் கிடைக்காம மூஞ்சி வீங்கிக் கெடக்கான். அவன் ஆத்தா நேத்து என் காலைப் பிடிச்சா. கூப்பிடு அந்த ஆள!”

அர்ச்சுனன் வந்தார். அப்போதுதான் காலை முறை முடிந்து எழுந்திருந்தார். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்து நின்றார். பின்னாலேயே தாதி விமலா.

“அர்ச்சுனா, உனக்கு எத்தனை உடம்பு?”

“ஒன்னுதான் தலைவரே.”

“அப்ப எதுக்குய்யா ரெண்டு நாற்காலி? கல்யாணப் பந்தியா இது, ரெண்டு எலை போட்டு உக்கார?”

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார்.

“ரெண்டும் வேணும் தலைவரே. விட்டுருங்க.”

“விடுறதா? எடையில கல்லு வைக்கிறவன்கூட உன்னைவிட யோக்கியன்யா! வெளிய ஒரு உசிரு ஊசலாடுது, உனக்கு உபரியா ஒரு இடம் கேக்குதோ?”

“அண்ணே, அது வந்து…” என்று விமலா வாயைத் திறந்தாள்.

“நீங்க பேசாம இருங்கம்மா,” என்றார் அர்ச்சுனன். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“காலையா, சாயங்காலமா? ஒன்னச் சொல்லு. இன்னொன்ன இப்பவே அழிக்கச் சொல்றேன்.”

பஞ்சில் ரத்தம் ஊறி விரலுக்கு வந்தது. அர்ச்சுனன் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

“சாயங்காலமே இருக்கட்டும்.”

“வெயில் தாழத்தான் வருவாராக்கும், மகாராஜா!”

ஷாமினி ஒரு தட்டுத் தட்டினாள். காலை நாற்காலியிலிருந்து அர்ச்சுனன் பெயர் போய், தேவன் பெயர் ஏறியது. நியாயத்தை நிலைநாட்டிய மிதப்பில் ஜெயபாலன் அன்றைக்கு எல்லாருக்கும் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். கடைக்காரனிடம் பேரம்கூடப் பேசவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் மறுபடி வந்தார். தான் போட்ட எடையையே இன்னொரு தரம் போட்டுப் பார்க்கிற பிறவி. அர்ச்சுனன் ஒழுங்காக ஒரே நாற்காலியில் உட்கார்கிறாரா என்று பார்க்க வேண்டாமா?

அர்ச்சுனனின் நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். வற்றிப்போன உடம்பு. குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள்.

“யார் இது? அவன் எங்க?”

விமலா அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

“அவங்க நல்லம்மாள். சிம்பாங் பூலாய்ப் பக்கம் தோட்டத்துல பொறந்தவங்க. பெத்தவங்க பேரப் பதியாமலே செத்துட்டாங்க. இந்த வயசுக்கும் ஐசி கிடையாது. ஐசி இல்லாதவங்களுக்கு இங்க இடமில்லன்னு சட்டம் போட்டது நீங்கதாண்ணே. அதான் அவரு தன் பேர்லயே இன்னொரு இடம் எடுத்து, சாயங்கால நாற்காலிய இவங்களுக்குக் கொடுத்தாரு. ரத்தச் சோதனையெல்லாம் நான்தான் தனியாப் பார்த்துக்கிட்டேன். என்னை வேலையவிட்டுத் தூக்குறதுன்னா தூக்குங்க.”

“அவனுக்கு சொந்தமா?”

“சொந்தமும் இல்ல, ஒன்னும் இல்ல. ஒரே தோட்டத்துல ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தவங்க, அவ்வளவுதான்.”

ஊரே கேட்கப் பேசுகிற ஜெயபாலன், பக்கத்தில் நிற்பவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

“அப்ப… அர்ச்சுனன் இப்ப எங்க போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கிறாரு?”

“எங்கயும் போவல. அன்னிக்கிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். இன்னிக்குத்தான் போனை எடுத்தாரு. பேச முடியல, மூச்சு வாங்குது. ‘என் இடத்துலதான் ஆள் உக்காந்திருக்கே, அப்புறம் என்னை எதுக்கும்மா கூப்பிடுறீங்க’ன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு.”