நூற்றெட்டுப் பேர் இறங்கிய பேருந்து

"அறுபது பேர் போற பஸ்ஸுல நூத்தெட்டுப் பேர் எப்புடிய்யா இறங்குவாக?"

விடைத்தாளை மேசையில் ஓங்கி அடித்தார் முத்துராமலிங்கம். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஏழாம் வகுப்பு துர்காதேவி அவருடைய ஒரே மகள்.

கணக்கு ஆசிரியர் லூர்து பிரகாஷ் தாளை எடுத்துப் பார்த்தார்.

'48 பேருடன் சென்ற பேருந்திலிருந்து கோவிலூரில் சிலர் இறங்கினர். இறங்கியவர்களைப் போல் இருமடங்கு பேர் ஏறினர். இப்போது 60 பேர். இறங்கியவர் எத்தனை பேர்?'

துர்கா 48ஐயும் 60ஐயும் கூட்டி வைத்திருந்தாள்.

"வெறும் எண்ணாக் குடுத்தா டக்குனு போட்டுருவா சார். வாக்கியமா வந்தாத்தான் தடுமாறுறா. யாரு ஏறுனா, யாரு இறங்குனான்னு படிக்கிறதே இல்லை. ரெண்டு நம்பரைப் பாத்தாக் கூட்டிர்றா."

"அப்பக் கோளாறு தமிழ்லயா?"

கோபம் தமிழாசிரியை ஈஸ்வரி பக்கம் திரும்பியது.

"ஏம்மா, நாலு வரியப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியல எம் மகளுக்கு. வகுப்புல என்னத்தக் கிழிக்கிறீக?"

"சார், ஜூன் மாசத்துல இருந்து எனக்கு..."

"சாக்குச் சொல்லாதீக! புள்ளைக வாழ்க்கைம்மா இது!"

ஈஸ்வரி, கழகம் போட்ட தற்காலிக ஆசிரியை. தலைவர் வேண்டாம் என்றால் வேலை போச்சு. கண் கலங்கி நின்றாள்.

"தீர்மான நோட்டை எடுங்க டீச்சர். நாளையில இருந்து இந்தம்மா வரவேணாம்னு எழுதுங்க. மத்தவககிட்ட நான் கையெழுத்து வாங்கிக்கிறேன்."

தலைமையாசிரியை ஞானபூரணி நோட்டைப் பிரித்தார். பேனாவைத் திறக்கவில்லை.

"முந்துன தீர்மானத்தை வாசிச்சுட்டுத்தான் புதுசு எழுதணும் சார். அதான நம்ம வழக்கம்?"

"வழக்கமாம் வழக்கம்! சட்டுன்னு வாசிச்சு முடிங்க."

ஞானபூரணி சத்தமாகவே வாசித்தார்.

"ஜூன் பதினாலு. 'பிள்ளைகள் வீட்டில் பேசுவதே தமிழ்தான்; அதைப் பள்ளியில் வேறு நடத்துவது வீண். எனவே, ஏழாம் வகுப்பின் ஐந்து தமிழ்ப் பாடவேளைகளில் நான்கைக் கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். முன்மொழிந்தவர், தலைவர் முத்துராமலிங்கம்.'"